ஏழைக்குரிய பங்கு

ஒருவரிடம் ஒரு பொருளை வேண்டி நிற்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டென்றும், அவை வேண்டுவோரின் நிலைக்கேற்ப வேறுபடுமென்றும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளார். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்பான். இலக்கண வகுப்பில் மாணவர் இதனை மனனஞ் செய்து ஒப்புவித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுகின்றனர். ஆயினும் இச்சிறு விதியினுள் ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் சுருங்கிக் கிடக்கிறது. வேண்டுதல் என்னும் செயல் ஒன்றே. வேண்டும் வாய் எந்தப் படியில் நிற்கிறது என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது. நமது அறநூல்கள் பெரிதும் போற்றிய ‘ஈகை’, தன் பெயரினாலேயே, கேட்பவனைக் கீழ்ப்படியில் நிறுத்திவிடுகிறது.

கொடுத்தலைக் கடமையாக விதித்த சமயங்கள் பல. அவற்றுள் ஏழையை ‘ஈ’ என்று கேட்க வைக்காமல் ‘தா’ என்று கேட்க வைக்க முயன்ற ஒரு மரபினை ஈண்டு ஆராய விரும்புகிறோம். அது யூதரின் மரபு. எபிரேய மொழியில் ஏழைக்குக் கொடுப்பதற்கு வழங்கும் சொல் ‘செதாக்கா’ என்பது. அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி, நேர்மை என்பனவே பொருள். இரக்கத்தைக் குறிக்கும் சொற்கள் அம்மொழியில் வேறாக உள்ளன. இரக்கம் கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. இன்று சுரக்கும், நாளை வற்றும். நீதியோ பெறுபவனுக்குள்ள உரிமையைப் பற்றியது. கொடாதவன் கருணையற்றவன் என்று மட்டும் அம்மரபு சொல்லவில்லை. பிறனுக்குரியதை வைத்துக்கொண்டிருப்பவன் என்று சொன்னது.

யூதரின் அறச்சட்டத்துக்கும் புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். பள்ளிவாசல்துறை என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். பள்ளிவாசல் ஒன்று, துறை ஒன்று. தொழுகைக்கான இடமும், கடல்வழி வந்திறங்குவோர் கால் வைக்கும் இடமும் ஒரே பெயரில் இணைந்துள்ளன. இப்பெயரைச் சொல்லும் மக்களின் நாவில் ‘சதகா’ என்னும் அறபுச்சொல் நாள்தோறும் புழங்குகிறது. எபிரேயமும் அறபும் ஒரே மொழிக்குடும்பத்தின் சகோதரிகள்; செதாக்காவும் சதகாவும் ஒரே வேரிற் கிளைத்தவை. பத்தாம் நூற்றாண்டில் அபூ செய்து அஸ்ஸீராபி என்னும் அறபு நூலாசிரியர் இலங்கையில் யூதர் பெருந்தொகையாக வாழ்ந்தனர் என்று குறித்துள்ளார். 1154இல் சிசிலி அரசவையிலிருந்து தம் நூலை முடித்த அல் இத்ரீசி, இலங்கை மன்னனின் பதினாறு அமைச்சருள் நால்வர் யூதர் என்றும் நால்வர் முஸ்லிம்கள் என்றும் எழுதினார். அவர் இத்தீவை நேரிற் கண்டவரல்லர். எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும் இந்துமாக்கடலின் துறைமுகங்களில் யூத வணிகரும் முஸ்லிம் வணிகரும் ஒரே கப்பலில் ஏறி ஒரே சந்தையில் இறங்கினர் என்பதில் ஐயமில்லை. இன்றைய ஓர் அரசின் செயல்களைக் கண்டிப்பதற்காக ஒரு பழைய மக்கட்குழுவின் சட்டச் சிந்தனையையே கற்கமாட்டோம் என்று ஒதுங்குவது அறிவுக்கு உகந்ததன்று என்பதையும் இடையே சொல்லி வைக்கிறோம்.

அச்சட்டம் வயலில் தொடங்குகிறது. லேவியராகமமும் உபாகமமும் உழவனுக்கு இட்ட கட்டளைகள் வியப்புக்குரியவை. அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றாக அரியக்கூடாது. கையினின்று சிந்திய கதிரைத் திரும்பிப் பொறுக்கக்கூடாது. மறந்து விட்டுவந்த கட்டை எடுக்க மீண்டும் வயலுக்குப் போகக்கூடாது. இவை ஏழைக்கும், தந்தையில்லாப் பிள்ளைக்கும், கைம்பெண்ணுக்கும், அந்நியனுக்கும் உரியவை. இவற்றோடு ஏழாண்டுச் சுற்றில் மூன்றாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் விளைச்சலில் பத்திலொரு பங்கு ஏழைக்குச் சேர வேண்டும். பெத்லகேமின் வயலிற் கதிர் பொறுக்கிய ரூத் என்பவளின் கதை பலரும் அறிந்ததே. அவள் கைம்பெண், மோவாபு நாட்டிலிருந்து வந்த அந்நியள். அவள் வயலுக்குள் இறங்கியது இச்சட்டத்தின் பலத்தினாலேயாம்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டத்தொகுப்பில் ‘பேஆ’, அதாவது ‘வயலின் மூலை’, என்னும் பெயரில் ஒரு பகுதியே உண்டு. அதனைப் படிக்கும்போது ஏழையின் சார்பில் வழக்காடும் ஒரு சட்டத்தரணியின் குரல் கேட்பதுபோல் இருக்கிறது. விடவேண்டிய மூலை அறுபதிலொரு பங்குக்குக் குறையலாகாது. ஏழைகள் நாளொன்றுக்கு மூன்று வேளை வயலுக்கு வரலாம். எவர் எடுத்துக்கொள்வது என்று தெரிவுசெய்யும் அதிகாரம் நிலக்காரனுக்கு இல்லை. கதிர் பொறுக்க ஏழைகளை விடாதவன், ஒருவனை விட்டு மற்றவனைத் தடுப்பவன், ஒருவனுக்கு மட்டும் கைகொடுத்து உதவுபவன் ஆகிய மூவரும் ஏழையைக் கொள்ளையிட்டவர்களே என்று அச்சட்டம் தீர்ப்பளிக்கிறது.

மூன்றாமவனைப் பற்றிய தீர்ப்பை வாசகர் சற்று மனங்கொள்ள வேண்டும். ஒருவனுக்கு உதவுவது எப்படிக் கொள்ளையாகும்? அவன் உதவுவது தன் பொருளைக் கொண்டன்று. எல்லா ஏழைகளுக்கும் பொதுவான பொருளைத் தனக்கு வேண்டியவன் பக்கம் தள்ளுகிறான். நிலக்காரன் தன் வயலில் தானே வள்ளலாக நிற்கும் இன்பத்தை இச்சட்டம் அவனிடமிருந்து பறித்துவிட்டது. நம் நாடுகளில் நாம் காண்பது இதற்கு நேர்மாறானதாகும். சோழர் செப்பேடுகள் பிரமதேயங்களைப் பேசும்போது கொடை மேல்நோக்கிப் பாய்வதைக் காண்கிறோம். நிலம் உழுதவனிடமிருந்து எழுந்து வேதம் ஓதியவனிடம் போய்ச் சேர்ந்தது. அதற்குத் தானம் என்று பெயரிட்டுக் கல்லில் வெட்டினர். களத்துமேட்டில் நின்ற பண்ணையாளுக்கு அளந்து போட்டது அவனுக்குரிய கூலியாக இருந்தபோதும், பிச்சை போல நீட்டப்பட்ட கையில்தான் விழுந்தது.

வயல் இருந்தவரை வயற்சட்டம் போதுமானதாயிற்று. நகர வாழ்வு பெருகியபோது மிஷ்னாவும் அதன் விரிவாகிய தல்மூதும் வேறு ஏற்பாடுகளைச் செய்தன. ஊர்தோறும் இரண்டு பொது அமைப்புகள் இருந்தன. ஒன்று ‘கூப்பா’ என்னும் பொதுநிதி. வாரந்தோறும் பணம் தண்டி உள்ளூர் ஏழைகளுக்கு ஒரு வாரத்துக்குரியதைக் கொடுக்கும். மற்றையது ‘தம்ஹூய்’ என்னும் உணவுத்தட்டு. அன்றாடம் உணவு சேகரித்து அன்றே பசித்தவனுக்கு, அவன் வழிப்போக்கனாயினும், அளிக்கும். நிதியைத் தண்டுவோர் இருவராதல் வேண்டும். பங்கிடுவோர் மூவராதல் வேண்டும். பங்கிடுதல் தீர்ப்புச் சொல்வது போன்றதாகலின், நீதிமன்றத்துக்கு மூவர் வேண்டுமென்ற விதியே இதற்கும் பொருந்துமென்றனர். கொடுக்க மறுப்பவனிடம் ஈட்டுப்பொருளைக் கைப்பற்றும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்தது. நிதி என்றதும் தலைவர், உபதலைவர், போசகர் என்று பட்டியல் நீளும் நமது சங்கங்களின் அறிக்கைகள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

பெறத் தகுதியுடையவன் யார் என்பதிலும் கணக்குத் திட்டமாக இருந்தது. இருவேளைச் சோற்றுக்கு வழியுள்ளவன் தட்டில் கை வைக்கலாகாது. பதினான்கு வேளைக்கு, அஃதாவது ஒரு வாரத்துக்கு, வழியுள்ளவன் நிதியில் வாங்கலாகாது. இருநூறு வெள்ளிக்காசு வைத்திருப்பவனுக்கு ஏழையின் கதிரில் உரிமையில்லை. ஐம்பது காசை முதலாக்கி வணிகம் செய்பவனுக்கும் இல்லை. ஆனால் ஏழையின் வீட்டையும் அவன் புழங்கும் பாத்திரங்களையும் விற்றுத் தின்றுவிட்டு வா என்று எவரும் வற்புறுத்தலாகாது. நிவாரணம் கேட்டு வருபவரின் வீட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்து, தகரமா கிடுகா என்று எழுதிக்கொண்டு போகும் அலுவலர்களைக் கண்ட நமக்கு இவ்விதியின் நாகரிகம் விளங்கும்.

இன்னும் இரண்டு விதிகள் நமது ஆய்வுக்கு இன்றியமையாதவை. பொதுநிதியில் வாங்கி உண்ணும் ஏழையும் தான் பெற்றதில் ஒரு சிறுபகுதியைப் பிறனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. பெறுபவன் என்றே ஒரு சாதி உருவாகிவிடக்கூடாது என்னும் எச்சரிக்கை அதில் இருக்கிறது. புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்தவன் எப்போது ஊரவன் ஆகிறான் என்பது மற்றையது. தல்மூத் இதற்குக் காலம் அறுதியிட்டது. முப்பது நாள் தங்கினால் பசித்தவனுக்கு உணவளிக்கும் கடமையில் அவனுக்குப் பங்குண்டு. பின்னர்ப் படிப்படியாக நிதி, உடை, அடக்கச் செலவு என்று கடமைகள் ஏறி, பன்னிரண்டு மாதம் நிறைந்ததும் ஊர்மதில் கட்டும் செலவிலும் அவன் பங்காளியாகிறான். ஊரைக் காக்கும் மதிலுக்குப் பணம் கொடுப்பவன் அவ்வூரின் முழுக்குடிமகன். அவனை இனி எவரும் வந்தான் என்று சொல்ல முடியாது.

இவ்வளவும் சொன்னபின் இம்மரபினைப் போற்றிப் பாடிவிட்டு நின்றுவிடுவது வரலாற்று மாணவர்க்கு அழகன்று. ஏழைக்கு மூலையைக் கொடுத்த சட்டம் வயலை எவரிடம் விட்டது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பழைய ஏற்பாட்டில் இதற்கும் ஒரு விடை எழுதப்பட்டிருந்தது. ஐம்பதாண்டுக்கு ஒருமுறை, விற்கப்பட்ட நிலம் மூலக்குடும்பத்துக்கே மீள வேண்டும்; ஏழாண்டுக்கு ஒருமுறை கடன்கள் தள்ளுபடியாக வேண்டும். ஐம்பதாண்டு விதி ஏட்டளவிலேயே நின்றுவிட்டதென்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஏழாண்டு விதிக்கு நேர்ந்த கதியோ தெளிவாகவே தெரியும். தள்ளுபடி ஆண்டு நெருங்க நெருங்கப் பணமுடையோர் கடன் கொடுக்க மறுத்தனர். விதைக்கும் உணவுக்கும் வழியின்றி ஏழைகள் தவித்தனர். எனவே கிறித்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்லேல் என்னும் அறிஞர் ‘புரோஸ்பூல்’ என்ற பத்திரமுறையை ஏற்படுத்தினார். கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால் ஏழாமாண்டு அதனை அழிக்காது. ஏழைக்குக் கடன் கிடைப்பதற்காக ஏழையின் விடுதலை விலையாகக் கொடுக்கப்பட்டது. ஹில்லேல் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல வழியில்லை. உற்பத்திச் சாதனம் ஒருவன் கையில் இருக்க, சட்டம் மட்டும் மற்றவன் பக்கம் நின்றால், நெருக்கடி வரும் நாளில் சட்டமே வளைந்து கொடுக்கும்.

இம்மரபின் உச்சத்தைத் தொட்டவர் மூஸா இப்னு மைமூன் என்று அறபியரும் மைமோனிடிஸ் என்று ஐரோப்பியரும் அழைக்கும் பேரறிஞர். 1138இல் ஸ்பெயினின் கோர்தோபா நகரிற் பிறந்த அவர், புதிய ஆட்சியாளரின் மதக்கொடுமையினால் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் அலைந்து, மொரோக்கோவையும் பாலஸ்தீனத்தையும் கடந்து, எகிப்தின் புஸ்தாத் நகரை அடைந்தார். இன்றைய சொல்லிற் கூறினால் அவர் ஓர் அகதி. அவர் குடும்பத்தைத் தாங்கியது தம்பி தாவீதின் வணிகம். அத்தம்பி இந்துமாக்கடலில் கப்பலோடு மூழ்கி இறந்தார்; தம் பணமும் பிறர் பணமும் கடலில் போயின; இளம் மனைவியும் சிறு மகளும் எஞ்சினர். துயரத்தால் ஓராண்டளவு படுக்கையிற் கிடந்ததாக மைமோனிடிஸ் பின்னாளில் ஒரு மடலில் எழுதினார். பிறகு மருத்துவராகிப் பிழைத்தார். 1168இல் சிலுவைப்போர்ப் படை பில்பைஸ் நகரைப் பிடித்து மக்களைச் சிறைகொண்டபோது, அவர்களை மீட்கும் பணத்துக்காக ஊரூராக மடல் விடுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

இவர் 12ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுதி முடித்த சட்டப்பேரேட்டில், கொடுத்தலுக்கு எட்டுப் படிகளைக் காட்டுகிறார். முகங்கோணிக் கொடுப்பது கடைப்படி. குறைவாயினும் முகமலர்ந்து கொடுப்பது, கேட்டபின் கொடுப்பது, கேட்குமுன் கொடுப்பது என்று மேலேறுகிறது. கொடுத்தவனைப் பெற்றவன் அறியாமலும் பெற்றவனைக் கொடுத்தவன் அறியாமலும் நடப்பது மேலிருந்து இரண்டாவது. எல்லாவற்றிற்கும் மேலான படி வேறொன்று: விழப்போகிறவனின் கையைப் பிடித்து, அவனுக்கு நன்கொடையோ கடனோ அளித்தல், அவனோடு கூட்டு வாணிபம் செய்தல், அல்லது அவனுக்கு வேலை தேடித் தருதல், இனி எவரிடமும் கேட்கத் தேவையில்லாத நிலையில் அவனை நிறுத்துதல். கூட்டு வாணிபம் என்ற சொல்லைக் கவனிக்க. பங்காளியிடம் எவரும் ‘ஈ’ என்று கேட்பதில்லை.

இவை வெறும் ஏட்டுச்சுரைக்காயா என்று ஐயுறுவோருக்கு விடை புஸ்தாத் நகரிலேயே கிடைத்தது. அந்நகர யூதர், எழுதிய தாளை அழிக்காமல் தம் தொழுகைக்கூடத்தின் ஓர் அறையிற் போட்டு வைத்தனர். அங்கிருந்து 1896, 1897 ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் துண்டுகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. பின்னாளில் கோய்ட்டைன் என்னும் பேராசிரியர் அவற்றை அரித்தெடுத்து ஆராய்ந்தார். மலபார் மிளகைப் பற்றிய வணிகர் மடல்களும், செவ்வாயும் வெள்ளியும் ஏழைகளுக்கு ரொட்டி வழங்கிய பெயர்ப் பட்டியல்களும் அக்குவியலிலேயே கிடைத்தன. பட்டியலில் கைம்பெண்களும் ஊனமுற்றோரும் பிறநாட்டிலிருந்து ஓடிவந்தோரும் வரிசையாக உள்ளனர். இந்துமாக்கடலின் இலாபத்தில் ஒரு பகுதி அந்த ரொட்டியாயிற்று.

இனி நம் கரைக்கு மீள்வோம். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ சட்டவழியினர். அவர்களுக்கு ஸக்காத்து ஐம்பெருங் கடமைகளுள் ஒன்று. ஓராண்டு முழுதும் கையிருந்த பொருளில் நாற்பதிலொரு பங்கு. மழையால் விளைந்த தானியத்தில் பத்திலொரு பங்கு. நீர் இறைத்து விளைவித்ததில் இருபதிலொரு பங்கு. பெறுவோர் எட்டு வகையினர். ஏழை, கடனாளி, வழிப்போக்கன் முதலாயினோர் அவருள் அடங்குவர். செல்வரின் பொருளில் கேட்பவனுக்கும் கேளாதவனுக்கும் அறியப்பட்ட உரிமை உண்டென்பதே அதன் அடிப்படை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி, ஷாபிஈ வழியின் பெருஞ் சட்ட அறிஞர், ஸக்காத்து எவ்வளவு கொடுக்கப்பட வேண்டும் என்பதைத் தொழில் தொழிலாக விளக்கினார். தொழிலாளிக்கு அவன் தொழிற்கருவி வாங்கும் அளவு. கீரை விற்பவனுக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் முதல். மணிவணிகனுக்குப் பதினாயிரம் வேண்டுமென்றால் பதினாயிரம். எத்தொழிலும் அறியாதவனுக்கு, வருவாய் தரும் ஒரு சொத்து. கெய்ரோவின் யூத அறிஞரும் சிரியாவின் முஸ்லிம் அறிஞரும் நூறாண்டு இடைவெளியில் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர். நவவியின் கணக்கைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் மீனவனுக்குரியது வலையும் வள்ளமும் ஆகும்.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சுட்டாமல் இருக்க முடியாது. பழைய ஷாபிஈ நூல்களின்படி, சேமித்து உண்ணும் தானியம், பேரீச்சை, திராட்சை ஆகியவற்றின் விளைச்சலுக்கே பத்திலொரு பங்கு உண்டு. தென்னைக்கு அது இல்லை. கடலில் எடுப்பதற்கும் இல்லை. புத்தளக் கரையின் பெருஞ்செல்வங்களோ தென்னையும் மீனுமே. வணிகப்பொருளாக மாறிய பின்னரே அவை நாற்பதிலொன்றுக்கு உட்படும். சட்டம் கோதுமையும் பேரீச்சையும் விளையும் நாட்டில் உருவாயிற்று. அதனைக் கொப்பறையும் கருவாடும் ஆளும் நாட்டில் அப்படியே நிறுத்தினால், தோட்டக்காரரும் சம்மாட்டியும் இலேசாகத் தப்பிவிடுவர். யூதருக்கும் இதே சிக்கல் நேர்ந்தது. நிலத்தை இழந்து நகர வணிகராகியபின் வயலின் மூலை எங்கே? அவர்கள் பத்திலொரு பங்கு என்னும் கணக்கைப் பணவருவாய்க்கு மாற்றிக்கொண்டனர். இக்காலத்து முஸ்லிம் சட்ட அறிஞர் சிலரும் இத்திசையில் வாதிட்டுள்ளனர். மரபு உயிரோடு இருப்பதற்கு அதுவே அடையாளம்.

சட்டத்தின் உயிரைவிட்டு உருவத்தை மட்டும் பற்றினால் விளைவது என்ன என்பதை 2020 மே 21ஆம் நாள் கொழும்பு மாளிகாவத்தையில் கண்டோம். ஊரடங்குக் காலத்து நோன்பு மாதம். ஏழைகளுக்குப் பணம் பகிர்வதாக ஒரு களஞ்சியத்தின் வாயிலில் கூட்டம் திரண்டது. நெரிசலில் மூன்று பெண்கள் மிதிபட்டு இறந்தனர். தண்ட இருவர், பங்கிட மூவர், பெறுபவனை அறியாக் கொடை என்றெல்லாம் பழையோர் விதித்த வேலிகள் எதற்காக என்பதை அந்த வாயில் விளக்கிற்று. ஏழையை வீட்டுவாசலில் வரிசையாக நிறுத்துவதில் கொடுப்பவன் பெறும் ஒரு பெருமிதம் இருக்கிறது. அப்பெருமிதத்தின் விலையைப் பெறுபவரே கொடுக்கின்றனர்.

துறையில் வந்திறங்கியவனை நடத்தும் முறையில் இக்கரைக்கு நல்ல வரலாறு ஒன்றுண்டு. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கினார். அங்கே இருந்த ஆரியச்சக்கரவர்த்தி, வேற்று மதத்தவராகிய அவ்வழிப்போக்கரை மதித்துப் பேசி, பாவாதமலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தனுப்பினார். பதூதா உலகறிந்த பயணி. மன்னன் மதித்தது பெரிய காரியமில்லை எனலாம். 1990இல் இறங்கியவர்களோ ஏதுமற்றவர்கள்.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணிநேர அவகாசமே கொடுக்கப்பட்டது. நகையும் பணமும் பறிக்கப்பட்டன. எழுபத்தையாயிரம் பேரளவில் தம் வீட்டையும் நிலத்தையும் தொழிலையும் விட்டு நீங்கினர். தமிழ் பேசியவர் தமிழ் பேசியவரை விரட்டிய இக்கொடுமையைப் பற்றித் தமிழ் எழுத்தாளர் பலர் நெடுங்காலம் வாய்திறக்கவில்லை. அது நம் இலக்கியத்தின் மீது படிந்த கறை. மன்னார்த்தீவு மக்கள் கடல்வழியாக வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். அரசாங்கம் விழித்துக்கொள்வதற்குள் கரையோர ஊர்கள் விழித்துக்கொண்டன. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீடுகளில் உலை ஏறியது. தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் கிடைத்தது. அன்று கொடுத்தவர் பலர் அன்றாடங்காய்ச்சிகள். மீனவர், உப்பளக்கூலிகள், வெங்காயத் தோட்டத்துத் தொழிலாளர். வாங்கும் நிலையில் உள்ளவனும் கொடுக்க வேண்டும் என்ற பழைய விதியை அறியாமலே அவர்கள் நிறைவேற்றினர். அது தட்டு, பசித்தவனுக்கு அன்றே சோறு. அந்தப் படியில் இக்கரை தவறவில்லை.

அடுத்த படிகளே ஏறப்படாமல் கிடந்தன. மாதம் ஆண்டாயிற்று, ஆண்டுகள் பத்தாயின, இருபதாயின. உலருணவு அட்டை வாழ்வின் அச்சாயிற்று. கடலறிந்தவன் வலையின்றி நின்றான். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவன் பிறர் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கினான். வந்தோர் குறைந்த கூலிக்கு வேலைசெய்ய, உள்ளூர்க் கூலியாளின் கூலியும் இறங்கிற்று. முதலாளிக்கு மட்டுமே அது நல்ல காலம். பாடசாலை இடத்துக்கும் கிணற்றுநீருக்கும் அரச வேலைக்கும் ஏழையும் ஏழையும் முட்டிக்கொண்டனர். ‘அகதி’ என்ற சொல் நிலைமையைக் குறிப்பதை விட்டு ஒரு சாதிப்பெயர்போல் ஒட்டிக்கொண்டது. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் அதுவே பெயர். வடபுலத்து முஸ்லிம் அறிஞரும் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியருமாகிய எஸ். எச். ஹஸ்புல்லாஹ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இம்மக்களின் இழப்பைக் கணக்கெடுத்துப் பதிவதிற் செலவிட்டு 2018இல் மறைந்தார். 2007இல் தொடங்கிய உலகவங்கி வீடமைப்புத் திட்டம் நிலவுரிமை உள்ளோருக்கு வீடுகட்டப் பணம் அளித்தது. உள்ளூர் ஏழைகளையும் அதிற் சேர்த்தது அறிவுடைமை. ஆயினும் வீடு கிடைத்ததனால் ஊர் கிடைத்துவிடவில்லை.

குறை விருந்தோம்பியவர்களுடையது என்று நாம் கூறவில்லை. ஓர் ஊர் தன் பானையைப் பகிரலாம். நிலத்தையும் வேலையையும் வாக்குரிமையையும் பகிர்வது அரசின் கடமை. இழந்தவை திரும்பவரும் என்ற நம்பிக்கையால் பலர் தம் வாக்குப்பதிவை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலுமே வைத்திருந்தனர். அதனை விட்டால் சொந்த மண்ணின் மீதுள்ள உரிமை போய்விடும் என்று அஞ்சினர்; வைத்திருந்தால் வாழும் ஊரில் குரலில்லை. 2009இல் போர் முடிந்தபின் திரும்பச் சென்றோர் காடு மண்டிய காணிகளையும் பிறர் குடியேறிய வீடுகளையும் கண்டனர். ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்தே குடும்பங்கள் பல நடக்கின்றன. பன்னிரண்டு மாதத்தில் மதில் கட்டும் பங்காளியாகலாம் என்ற தல்மூத் விதியின் முன் இதனை வைத்துப் பார்ப்போம்.

2019 நவம்பர் 16ஆம் நாள் சனாதிபதித் தேர்தல் நடந்தது. வெளியேற்றம் நிகழ்ந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று விடியுமுன், மன்னாரில் வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து முஸ்லிம் வாக்காளர்களை ஏற்றிச்சென்ற பேருந்துகளின் மீது தந்திரிமலைப் பகுதியில் கல்லெறிந்து துப்பாக்கியால் சுட்டனர். வீதியில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. எவரும் இறக்கவில்லை. பேருந்துகள் தொடர்ந்து மன்னார் சென்றன, அவர்கள் வாக்களித்தனர், மீண்டும் புத்தளத்துக்கே திரும்பினர்.